வாக்குச்சாவடிக் கணக்கை வைத்துக் கடைக்கு இடம் பார்க்காதீர்கள்

அமெரிக்கச் சில்லறை வணிக நிறுவனங்களின் தரவுப் பிரிவிலும் கிளை இடத்தேர்வுப் பிரிவிலும் பணிபுரியும் தமிழ் நண்பர்களுக்கு,

எங்கள் பகுதியில் இருந்த ஒரே பெரிய பலசரக்குக் கடை மூடப்படுவது குறித்து நகர மன்றத்தில் விசாரணை நடந்தது. கடை நிறுவனத்தின் சார்பில் வந்த ஆலோசகர் சில ஸ்லைடுகளைக் காட்டினார். மக்கள்தொகை, வருமானம், கார் வைத்திருப்போர், போட்டிக் கடைகள் என்று ஓர் அட்டவணை. அதில் கடைசிக்கு முந்தைய வரி, சென்ற அதிபர் தேர்தல்களில் எங்கள் வாக்குச்சாவடிகளில் எந்தக் கட்சிக்கு எத்தனை விழுக்காடு விழுந்தது என்பது. அதற்கு நேரே ஒரு மதிப்பெண், கழித்தல் குறியோடு. மன்ற உறுப்பினர் ஒருவர் இது எதற்கு என்று கேட்டார். நிறுவனத்தின் பெயருக்கும் பகுதிக்கும் உள்ள பொருத்தத்தை அளப்பதற்கு என்று பதில் வந்தது. விசாரணை அடுத்த பொருளுக்குப் போய்விட்டது. அந்தப் பதிலை ஏற்க முடியாமல்தான் இதை எழுதுகிறேன்.

நிறுவனத்துக்கும் நகர மன்றத்துக்கும் ஆங்கிலத்தில் எழுதி அனுப்பிவிட்டேன். உங்களுக்குத் தமிழில் எழுதக் காரணம், அந்த மதிப்பெண்ணைக் கணக்கிடும் வேலை உங்களில் பலருடைய மேசையில் நடக்கிறது என்பதுதான். பென்டன்வில், மினியாபொலிஸ், அட்லாண்டா, சின்சினாட்டி என்று பெரிய கடைச் சங்கிலிகளின் தலைமையகம் இருக்கும் ஊர்களில் எல்லாம் நீங்கள் இருக்கிறீர்கள். சென்னையிலும் பெங்களூருவிலும் உட்கார்ந்து அதே நிறுவனங்களுக்கு, எந்தக் கடை எங்கே ஓடும் என்று கணிக்கும் கணினி மாடல் எழுதுகிறீர்கள். உங்களில் சிலரை நேரிலும் அறிவேன். மாடலுக்குள் எந்தத் தகவல் போகலாம், எது போகக்கூடாது என்று முதலில் சொல்லக்கூடிய ஆள் நீங்கள்தான். மேலாளர் கேட்டார், சேர்த்துக் கொடுத்தேன் என்று சொல்லிக் கைகழுவிவிடக்கூடிய விஷயம் இது அல்ல.

உங்கள் துறையில் பலரும் எடுத்துக்காட்டும் ஒப்பீடு ஒன்று உண்டு. தேர்தல் ஆய்வாளர் டேவிட் வாசர்மன் பல ஆண்டுகளாகச் செய்துவருவது. ஹோல் ஃபுட்ஸ் என்ற விலை கூடிய பலசரக்குக் கடை இருக்கும் கவுண்டிகளையும் (நம் மாவட்டம் போன்ற பிரிவுகள்) கிராக்கர் பேரல் உணவகம் இருக்கும் கவுண்டிகளையும் எடுத்துக்கொண்டு, எங்கே யார் வென்றார் என்று பார்ப்பார். 2012-ல் ஒபாமா முதல் வகைக் கவுண்டிகளில் 77 விழுக்காட்டையும் இரண்டாம் வகையில் 29 விழுக்காட்டையும் வென்றார். 2016-ல் டிரம்ப் கிராக்கர் பேரல் கவுண்டிகளில் 76 விழுக்காட்டை வென்றார். ஹோல் ஃபுட்ஸ் கவுண்டிகளில் அவருக்குக் கிடைத்தது 22 விழுக்காடு. 1992-ல் சுமார் 20 புள்ளியாக இருந்த இடைவெளி 54 புள்ளியாக வளர்ந்துவிட்டது. இந்த எண்களோடு எனக்குச் சண்டை இல்லை. அவர் இதை வாக்காளர்களைப் புரிந்துகொள்ளச் செய்தார். நீங்கள் அதைத் தலைகீழாகத் திருப்பி, வாக்கைப் பார்த்துக் கடையின் தலையெழுத்தைச் சொல்கிறீர்கள்.

அந்த இரண்டு நிறுவனங்களும் இடம் பிடித்த விதத்தைப் பாருங்கள். ஹோல் ஃபுட்ஸ் தனக்கு என்ன மாதிரி இடம் வேண்டும் என்று வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறது: 20 நிமிடக் கார் பயணத்துக்குள் 2 லட்சம் பேர், அவர்களில் கல்லூரிப் படிப்பு முடித்தவர்கள் நிறைய, தாராளமான பார்க்கிங். கிராக்கர் பேரல் 1969-ல் டென்னசி மாநிலத்து லெபனான் நகரில் நெடுஞ்சாலைப் பயணிகளை நம்பித் தொடங்கியது. இன்றும் அதன் கிளைகளில் பெரும்பாலானவை இன்டர்ஸ்டேட் சாலைகளை விட்டு இறங்கியதும் கண்ணில் படுபவை. ஒன்று படித்தவர்கள் நெருக்கமாக வாழும் இடத்தைத் தேடிப் போனது, மற்றது பயணிகளைத் தேடிப் போனது. இரண்டுமே யார் யாருக்கு வாக்களிக்கிறார்கள் என்று பார்த்துப் போகவில்லை. இதற்கிடையே கல்லூரி படித்தவர்கள் ஒரு கட்சியின் பக்கமும், கல்லூரிக்குப் போகாத வெள்ளையர்கள் மறு கட்சியின் பக்கமும் ஆண்டுக்கு ஆண்டு நகர்ந்தார்கள். கடைகளைச் சுற்றியிருந்த அரசியல்தான் இடம் மாறியது.

கட்சி வாக்குதான் கடையை வாழவைக்கும் என்றால், சிகாகோவின் தெற்கே எங்கல்வுட்டில் ஹோல் ஃபுட்ஸ் கொழித்திருக்க வேண்டும். ஜனநாயகக் கட்சிக்கு அங்கே விழுவதைப் போல நாட்டில் மிகச் சில இடங்களில்தான் விழும். 2016 செப்டம்பரில் கடை திறந்தது. அந்த இடத்தைத் தயார்செய்ய நகராட்சி 1 கோடி டாலருக்கு மேல் பொதுப்பணம் செலவழித்திருந்தது. 2022 நவம்பரில் கடை மூடப்பட்டது. அந்த மக்களின் கையில் என்ன பணம் இருந்தது, அந்தக் கடையில் என்ன விலை இருந்தது என்ற கேள்விக்கு வாக்குப் பட்டியலில் பதில் கிடையாது.

2016 ஜனவரியை உங்களில் மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். வால்மார்ட் அமெரிக்காவில் 154 கடைகளை மூடுவதாக அறிவித்தது. அவற்றில் 102 கடைகள் வால்மார்ட் எக்ஸ்பிரஸ் என்ற சின்னக் கடைகள். தெற்கு மாநிலங்களின் சிற்றூர்களில் இருந்தவை. வட கரோலினாவில் ஓரியன்டல் என்ற சிற்றூர் அதில் ஒன்று. 2014-ல் எக்ஸ்பிரஸ் கடை வந்தது. அதோடு போட்டி போட முடியாமல், ஊரில் பல காலமாக இருந்த மளிகைக் கடை 2015-ல் மூடியது. சில மாதங்களில் வால்மார்ட்டும் போய்விட்டது. ஊரில் ஒரு மளிகைக் கடையும் இல்லாமல் போனது. அந்தக் கவுண்டி குடியரசுக் கட்சிக்கு வாக்களிக்கும் கவுண்டி.

அதே ஜனவரியில் தலைநகர் வாஷிங்டனில், அனகோஸ்டியா ஆற்றுக்குக் கிழக்கே கட்டுவதாக உறுதியளித்திருந்த இரண்டு கடைகளைக் கைவிடுவதாகவும் அதே நிறுவனம் சொன்னது. நகரத்தின் வசதியான பகுதிகளில் மூன்று கடைகள் அதற்குள் திறந்தாகிவிட்டது. அவற்றுக்கு நகர நிர்வாகம் இசைந்ததே இந்த இரண்டும் ஏழை மக்களுக்கு வரும் என்ற நம்பிக்கையில்தான். அந்தப் பகுதி முழுக்க ஜனநாயகக் கட்சிக்கே வாக்களிக்கும் கறுப்பின மக்கள் வாழும் பகுதி. அரசியலில் இரு துருவங்களான இரண்டு ஊர்கள், ஒரே மாதத்தில், ஒரே நிறுவனத்தால் கைவிடப்பட்டன. இதை எந்தக் கட்சி மதிப்பெண் முன்கூட்டிச் சொல்லியிருக்கும்?

இனி எங்கள் கடைக்கு வருகிறேன். அங்கே நான் சரக்கு இறக்கும் பகுதியில் சேர்ந்து, பிறகு இருப்புக் கணக்குக்கு மாறினேன். ஆகவே வெளியில் நின்று பேசவில்லை.

எங்கள் கிளை தானாக விழவில்லை, படிப்படியாக இறக்கப்பட்டது. முதலில் காய்கறி லாரி வரும் நாட்கள் குறைக்கப்பட்டன. வாரக் கடைசியில் கீரையும் தக்காளியும் வாடிக்கிடந்தால் அடுத்த வாரம் யார் வாங்க வருவார்கள்? வரவில்லை. விற்பனை குறைந்ததைக் காட்டி இறைச்சி வெட்டித்தரும் பிரிவை மூடினார்கள். பிறகு ஊழியர்களின் மணிநேரத்தை வெட்டினார்கள். இரவில் ஷெல்ஃபை நிரப்ப ஆள் இல்லாததால் சரக்கு பின்கட்டிலேயே கிடக்கும். முன்னால் ஷெல்ஃப் காலியாக இருக்கும். கணினியில் இருப்பு உண்டு என்று காட்டும், விற்பனை இல்லை என்றும் காட்டும். அந்தத் தரவுதான் உங்களிடம் வந்தது. அதைப் பார்த்து, இந்தப் பகுதி மக்களுக்கு இந்தப் பொருளில் நாட்டமில்லை என்று உங்கள் மாடல் கற்றுக்கொண்டது.

குளிர்பெட்டி பழுதானபோது சரிசெய்ய மேலிடத்து அனுமதி வர வாரக்கணக்கில் ஆனது. பாலும் தயிரும் கெட்டுப்போய்க் குப்பைக்குப் போயின. அதை நான்தான் கணக்கில் ஏற்றினேன். ஆண்டறிக்கையில் அது 'ஷ்ரிங்க்' (சரக்கு இழப்பு) என்ற ஒரே தலைப்பின் கீழ் திருட்டோடு சேர்ந்துகொண்டது. விசாரணையில் ஆலோசகர் அந்த மொத்தத் தொகையைத்தான் காட்டிப் பேசினார். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் அத்தனையும் களவு போனது என்றே எடுத்துக்கொண்டார்கள். எங்கள் தெருவில் இருப்பவர்களைத் திருடர்கள் என்று ஒரு பொது மன்றத்தில் பதிவுசெய்துவிட்டு அவர் விமானம் ஏறிவிட்டார்.

நகரத்தின் வெளிவட்டத்தில் இதே நிறுவனத்துக்கு இன்னொரு கிளை உண்டு. அங்கே வேலைக்கு ஆள் குறைந்த நாட்களில் என்னை அனுப்புவார்கள். அங்கே பழுது மறுநாளே சரியாகும். வார விளம்பரத்தில் போட்ட தள்ளுபடிப் பொருள் அங்கே அடுக்கியிருக்கும். எங்களுக்கு வந்து சேராது. அங்கே வாக்கு மறு கட்சிக்கு விழும் என்பது உண்மைதான். இரண்டு கிளைகளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் மாடலுக்கு, லாரி எத்தனை முறை வந்தது என்பது தெரியாது. எந்தப் பகுதி எந்தக் கட்சிக்கு வாக்களித்தது என்பது தெரியும். தெரிந்ததை வைத்து அது காரணம் கற்பிக்கிறது. நீங்கள் புள்ளியியல் படித்தவர்கள், இதை நான் விளக்க வேண்டியதில்லை. ஒரு பகுதியைப் பட்டினிபோட்டுவிட்டு, அதன் மெலிவை அதன் வாக்கு காரணமாக நடந்ததாக எழுதுகிறீர்கள்.

இன்னொன்றும் இருக்கிறது, இதுதான் எனக்கு எல்லாவற்றிலும் கனமானது. அமெரிக்க நகரங்களில் வாக்குச்சாவடி அளவில் வாக்கு விழுக்காடும் தோலின் நிறமும் எவ்வளவு நெருக்கமாகப் பின்னியிருக்கின்றன என்பது உங்களுக்குத் தெரியும். இனத்தை வைத்து இடம் பார்க்கிறோம் என்று எந்த நிறுவனமும் சொல்லாது. உங்கள் சட்டப் பிரிவு அந்தத் தகவலை உள்ளே விடாது. ஆனால் வாக்கு விழுக்காட்டை உள்ளே விட்டால் அதே தகவல் கொல்லைப்புறமாக வந்துவிடுகிறது. 1930-களில் அரசு வரைந்த வீட்டுக்கடன் வரைபடங்களில் கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதிகளுக்குச் சிவப்பு வண்ணம் பூசி, கடன் கொடுக்க ஆபத்தான இடம் என்று குறித்தார்கள். அந்தச் சாயம் இன்னும் பல நகரங்களில் போகவில்லை. அதன்மேல் நீங்கள் இன்னொரு பூச்சு பூசாதீர்கள்.

ஒரு பகுதியின் வாக்கை ஒரே நிறமாகப் பார்ப்பதும் தவறு. 2020-ல் டிரம்புக்கு அதிக வாக்கு கொடுத்த மாநிலம் கலிஃபோர்னியா. 60 லட்சத்துக்கு மேல், டெக்சாஸைவிட அதிகம். அதே தேர்தலில் பைடனுக்கு நியூயார்க்கைவிட டெக்சாஸில் அதிக வாக்குகள் விழுந்தன. இந்த மக்கள் எல்லோரும் பாலும் ரொட்டியும் வாங்குகிறார்கள். தோற்ற கட்சிக்கு வாக்களித்தவர்கள் ஊரை விட்டுப் போய்விடவில்லை.

திருட்டைப் பற்றிச் சுருக்கமாக. நகரங்களை ஆளும் கட்சியின் கொள்கையால்தான் கடைகள் மூடுகின்றன என்ற பேச்சு 2021 முதல் ஓயவில்லை. திருட்டு உண்டு, எங்கள் கடையிலும் உண்டு. அதை நின்று பார்த்துப் பயந்தவர்கள் காசாளர்கள்தான். ஆனால் வால்கிரீன்ஸ் மருந்துக்கடைச் சங்கிலியின் நிதித் தலைவரே 2023 ஜனவரியில், முந்தைய ஆண்டு நாங்கள் கொஞ்சம் அதிகமாகவே அழுதுவிட்டோம் போல என்று ஒப்புக்கொண்டார். 2021-ன் 9,450 கோடி டாலர் இழப்பில் ஏறக்குறைய பாதி திருட்டுக் கும்பல்களால் வந்தது என்று அறிக்கை விட்ட தேசியச் சில்லறை வணிகக் கூட்டமைப்பு, 2023 டிசம்பரில் அந்தக் கூற்றைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. அதற்குள் அந்த எண் எத்தனை தேர்தல் மேடைகளில் ஏறிவிட்டது!

அரசியலுக்கும் கடைக்கும் தொடர்பே இல்லை என்று நான் வாதாடவில்லை. தொடர்பு உண்டு, ஆனால் அது சட்டத்தின் வழியாக வருகிறது. சான் பிரான்சிஸ்கோவில் 11 அல்லது அதற்கு மேல் கிளைகள் உள்ள சங்கிலி நிறுவனம் குடியிருப்புக் கடைவீதியில் கால்வைக்கத் தனி அனுமதி வாங்க வேண்டும். 2006-ல் மக்களே வாக்களித்து நிலைநாட்டிய விதி. நியூ ஜெர்சியின் பெர்கன் கவுண்டியில் ஞாயிற்றுக்கிழமை துணிக்கடையும் மரச்சாமான் கடையும் திறக்க முடியாது. தெற்கில் மது விற்பனையைத் தடைசெய்த கவுண்டிகள் இன்னும் இருக்கின்றன. நியூயார்க் நகரத்துக்குள் வால்மார்ட்டால் இன்றுவரை ஒரு கடைகூடத் திறக்க முடியவில்லை. தொழிற்சங்கங்களும் நகர மன்றமும் விடவில்லை. இவையெல்லாம் எழுதப்பட்ட விதிகள், வெளிப்படையான எதிர்ப்புகள். இவற்றை மாடலில் தாராளமாகச் சேருங்கள். குறைந்தபட்சக் கூலி, நில வகைப்பாடு, பார்க்கிங் விதி எல்லாமே நியாயமான கேள்விகள். ஒரு தெருவில் குடியிருப்பவர் ரகசிய வாக்குப்பெட்டியில் என்ன செய்தார் என்பது அந்த வகையைச் சேர்ந்தது அல்ல.

உங்கள் தலைமைகள் ஏன் இப்போது இந்தத் தகவலைத் தேடுகின்றன என்பதும் புரிகிறது. 2023-ல் பட் லைட் என்ற பீர் ஒரு விளம்பரக் கூட்டால் வாடிக்கையாளர்களை இழந்து, பல ஆண்டு வைத்திருந்த முதலிடத்தையும் இழந்தது. டார்கெட் கடைச் சங்கிலி முதலில் ஒரு பக்கத்தாரின் கோபத்துக்கும், 2025-ல் மறுபக்கத்தாரின் புறக்கணிப்புக்கும் ஆளானது. கிராக்கர் பேரல் 2025 ஆகஸ்டில் தன் சின்னத்தை மாற்றி, ஒரு வாரத்தில் பழையதற்கே திரும்பியது. பயம் இருக்கத்தான் செய்யும். ஆனால் இவை தலைமையகத்தில் எடுத்த முடிவுகளுக்கு நாடு முழுவதும் வந்த எதிர்வினைகள். அதற்கான விலையை எங்கள் பகுதியின் ரொட்டியிலும் மருந்திலும் கழிப்பது என்ன நியாயம்?

ஓக்லஹோமாவின் டல்சாவைப் பாருங்கள். அந்த மாநிலத்தின் 77 கவுண்டிகளும் அடுத்தடுத்த அதிபர் தேர்தல்களில் குடியரசுக் கட்சிக்கே போனவை. டல்சாவின் வடபகுதியோ கறுப்பின மக்களின் பகுதி, வாக்கும் வேறு. கவுண்டி அளவில் பார்த்தால் ஒரு மதிப்பெண், தெரு அளவில் பார்த்தால் நேர்மாறான மதிப்பெண். அங்கே பல ஆண்டுகளாக முழுமையான பலசரக்குக் கடை இல்லாமல் இருந்தது. மலிவு விலைப் பொருள் விற்கும் சிறிய டாலர் கடைகள் மட்டும் பெருகின. 2018-ல் நகர மன்றம் அவற்றின் பெருக்கத்துக்குக் கட்டுப்பாடு விதித்தது. 2021-ல் ஒயாசிஸ் ஃபிரெஷ் மார்க்கெட் என்ற பலசரக்குக் கடை திறந்தது. பெரிய சங்கிலிகள் எட்டிப்பார்க்காத இடத்தில், உள்ளூர்க்காரர்களும் நகராட்சியும் சேர்ந்து கொண்டுவந்த கடை அது.

எங்களுக்கு அந்த வழியும் அடைக்கப்பட்டிருக்கிறது. நிறுவனம் கட்டடத்தை விற்கும்போது, குறிப்பிட்ட காலத்துக்கு அங்கே வேறு பலசரக்குக் கடை நடத்தக்கூடாது என்ற நிபந்தனையைக் கிரயப் பத்திரத்திலேயே எழுதுகிறது. இந்தப் பகுதியில் கடை ஓடாது என்று மன்றத்தில் சொன்னவர்கள், வேறு யாரும் ஓட்டிவிடக்கூடாது என்று பத்திரத்தில் வில்லங்கம் வைக்கிறார்கள். ஓடாது என்று உண்மையிலேயே நம்பினால் அந்த நிபந்தனை எதற்கு? இன்று எங்கள் பகுதியில் கார் இல்லாத முதியவர்கள் இரண்டு பேருந்து மாறிப் போய்ச் சாமான் வாங்குகிறார்கள். பெட்ரோல் பங்க்கில் கிடைப்பதைக் கொண்டு பிள்ளைகளுக்கு இரவு உணவு கொடுக்கும் வீடுகளை எனக்குத் தெரியும்.

ஆகவே கேட்கிறேன்.

வாக்கு விழுக்காடு, கட்சிப் பதிவு, கட்சி நன்கொடை ஆகிய மூன்றையும் இடத்தேர்வு மாடலிலிருந்தும் கிளை மூடல் மாடலிலிருந்தும் எடுத்துவிடுங்கள். மேலாளர் சம்மதிக்காவிட்டால், வருமானம், கல்வி, மக்கள் நெருக்கம், சாலைப் போக்குவரத்து ஆகியவற்றைச் சேர்த்த பிறகு இந்தத் தகவல் கூடுதலாக என்ன சொல்கிறது என்பதை மாடல் பார்த்திராத கடைகளில் சோதித்து எழுத்தில் வையுங்கள். அதன் வழியாக இனம் உள்ளே வருகிறதா என்ற சோதனையையும் செய்து, சட்டப் பிரிவின் பார்வைக்கு அனுப்புங்கள்.

ஒரு கிளையின் விற்பனைக்குப் பகுதியைக் காரணம் காட்டும் முன், அந்தக் கிளைக்கு நிறுவனம் என்ன கொடுத்தது என்பதை மாடலில் சேருங்கள்: ஊழியர் மணிநேரம், லாரி வந்த நாட்கள், குளிர்பெட்டி பழுதாகிக் கிடந்த நாட்கள், காலி ஷெல்ஃப், பக்கத்துக் கிளையோடு விலை வித்தியாசம். இவை அத்தனையும் உங்கள் நிறுவனத்தின் கணினியிலேயே இருக்கின்றன. ஏற்றியவர்களில் நானும் ஒருவர்.

திருட்டு, கெட்டுப்போனது, கணக்குப் பிழை மூன்றையும் பிரித்துக் காட்டாமல் எந்த அறிக்கையும் பொது மன்றத்துக்குப் போகவிடாதீர்கள்.

இந்த மடலை உங்கள் தலைமைக்கு மொழிபெயர்த்து அனுப்புங்கள். அவர்களிடம் நான் கேட்பது: கிளையை மூடுவதற்கு ஆறு மாதம் முன்பே ஊருக்கு அறிவியுங்கள், பொதுப்பணம் பெற்றுத் திறந்த கடையை ஒப்பந்தக் காலத்துக்கு முன் மூடினால் அந்தப் பணத்தைத் திருப்பிக் கொடுங்கள், கைவிடும் கட்டடங்களின் பத்திரத்தில் போட்டிக் கடைக்குத் தடை எழுதும் வழக்கத்தை நிறுத்துங்கள். எங்கள் கட்டடத்தின் விற்பனை இன்னும் பதிவாகவில்லை. நகர மன்றத்தின் அடுத்த கூட்டத்துக்கு முன் அந்த நிபந்தனையை நீக்கி, மன்றத்துக்கு எழுத்தில் தெரிவியுங்கள்.